பவர் லைட் எரிகிறது, படம் இல்லை: கேமிங் மொனிட்டர் ஒன்றைத் திருத்திய பதிவு

27 அங்குலம், 144 ஹேர்ட்ஸ், வளைந்த வி.ஏ. பெனல் (எல்.சி.டி. திரையில் ஒரு வகை). வெளியே தனி அடெப்டர், 19 வோல்ட், 3.42 ஆம்பியர். பவர் லைட் எரியும், கணினியும் மொனிட்டரை அடையாளம் காணும், திரை மட்டும் கும்மிருட்டு. கொண்டுவந்த பையன் வாசலிலேயே சொல்லிவிட்டான்: "காலையில போட்டா வராதுண்ணே. பத்து, பதினொரு மணிக்கு மேல தானா வரும். இப்ப ஒரு வாரமா அதுவும் இல்ல." நுவரெலியாக் குளிரில் இதைக் கேட்டவுடனேயே கெப்பாசிட்டர் (மின்னைத் தேக்கிவைக்கும் பாகம்) என்று நினைத்திருக்க வேண்டும். நினைக்காததால் ஒரு மாலையில் முடிய வேண்டிய வேலை நான்கு மாலைகளும் மேலும் ஒரு வாரமுமாக இழுத்தது.

முதலில் திறக்காமல் பார்க்க வேண்டியவை. கணினியைக் கழற்றிவிட்டு மொனிட்டரைத் தனியாகப் போட்டால் நிறுவனச் சின்னமோ "சிக்னல் இல்லை" என்ற பெட்டியோ வர வேண்டும். அது வந்தால் கோளாறு கேபிளிலோ கணினியிலோ இருக்கிறது. டிஸ்பிளே போர்ட் கேபிள்களில் இன்னொரு தொல்லை உண்டு: மலிவான சிலவற்றில் 20ஆம் முனையையும் இரு பக்கமும் இணைத்திருப்பார்கள். 3.3 வோல்ட் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஏறி, மொனிட்டர் தூக்கத்திலிருந்து எழாது, சிலவேளை கணினியே கிளம்பாது. கேபிள், மின்சாரம் இரண்டையும் பிடுங்கிப் பத்து நிமிடம் விட்டு, எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஒரு லெப்டொப்பை 60 ஹேர்ட்ஸில் கொடுத்துப் பார்த்தால் இந்தச் சந்தேகம் தீரும். இங்கே சின்னமும் இல்லை, பெட்டியும் இல்லை. ஆகவே கோளாறு உள்ளே.

அடெப்டரைச் சும்மா அளந்தால் 19.1 வோல்ட். சுமை இல்லாமல் அளந்த அளவை நம்பக்கூடாது. 12 வோல்ட் 21 வாட் கார் பிரேக் பல்ப் இரண்டைத் தொடராக இணைத்துச் சுமை கொடுத்தேன். ஏறத்தாழ ஒன்றரை ஆம்பியர் இழுக்கும். பல்ப் இழை குளிர்ந்திருக்கும்போது முதல் இழுப்பு அதிகம் என்பதால் அடெப்டர் ஒருமுறை வெட்டிப் பிறகு பிடிக்கலாம், அது கோளாறு அல்ல. பத்து நிமிடம் எரிந்தும் 18.9க்குக் கீழே இறங்கவில்லை. அடெப்டர் நல்லது. லயத்துப் பக்கம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எது பழுதானாலும் "கரண்ட் ஏத்த இறக்கம்" என்றுதான் சொல்வார்கள். இந்த அடெப்டர்களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், மாலையில் லைட் மங்கும் அளவு வோல்டேஜ் குறைவு அவற்றை ஒன்றும் செய்யாது. மின்னல்தான் கொல்லும்.

அடுத்தது டோர்ச் சோதனை. பேக்லைட், அதாவது திரைக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம், மட்டும் செத்திருந்தால், இருட்டில் டோர்ச்சைத் திரையோடு ஒட்டிச் சரித்துப் பிடித்தால் படம் மங்கலாகத் தெரியும். போன் லைட்டை நேராக அடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. "படமே உருவாகவில்லை, டீ-கோன் அல்லது பெனல்" என்று முடிவுகட்டினேன். (டீ-கோன் என்பது படச் சமிக்ஞையைப் பெனலுக்கு ஏற்றபடி பிரித்துக் கொடுக்கும் சேர்க்கிட்.) முதல் பிழை இது.

திறப்பு. முன்பக்கம் ஸ்குரூ எதுவும் இல்லை. நிற்கும் காலைக் கழற்றினால் அதன் தட்டுக்குள் நான்கு ஸ்குரூ, பிறகு ஓரம் முழுவதும் கொக்கிகள். கீழ் விளிம்பின் நடுவில் பழைய வங்கி அட்டையைச் செருகி, இரு பக்கமும் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இரும்பு ஸ்குரூட்ரைவரால் நெம்பினால் பெனலின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஃபிலிம் கேபிள் கிழியும். கிழிந்தால் திரையில் நிரந்தரக் கோடு. பின்மூடி கழன்றதும் இழுக்கக் கூடாது. ஜொய்ஸ்டிக் பொத்தானின் வயர் மூடியோடு ஒட்டியே வரும்.

வளைந்த திரையைக் குப்புறப் போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. 27 அங்குலத் திரையின் அகலம் கிட்டத்தட்ட 597 மி.மீ., வளைவு 1800 மி.மீ. ஆரம். மேசையில் குப்புறப் போட்டால் இரு ஓரங்களும் மேசையைத் தொடும், நடுவில் சுமார் 25 மி.மீ. உயரத்துக்கு வெற்றிடம் இருக்கும். அந்த நிலையில் நடுவில் கையை ஊன்றினால் கண்ணாடி போய்விடும். கம்பளியை நான்காக மடித்து நடுவில் மேடாக வைத்து, அதன்மேல் இன்னொரு துணி விரித்துத்தான் படுக்க வைத்தேன். தட்டைத் திரைக்கு இந்தப் பாடு இல்லை.

உள்ளே ஒரே ஒரு மெயின் போர்ட் (சேர்க்கிட் பலகை). 19 வோல்ட் வெளியிலிருந்து வருவதால் 230 வோல்ட் எங்கும் கிடையாது, அது ஒரு நிம்மதி. மின்சார வயர் நேராக உள்ளே போகும் மொனிட்டர் என்றால் கதை வேறு. உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் வடித்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே கண்ட பிறகே கை வைக்க வேண்டும். ஸ்குரூட்ரைவரால் பொறி பறக்கவிடுவது வீரம் அல்ல.

போர்ட்டில் ஊதிய கெப்பாசிட்டர் ஒன்று கண்ணில் பட்டது: 19 வோல்ட் உள்ளே வரும் இடத்தில் 220 மைக்ரோஃபரட், 35 வோல்ட், தலை இலேசாக மேடிட்டிருந்தது. குறித்துக்கொண்டேன், மாற்றவில்லை, ஏனெனில் மனம் முழுக்கப் பெனலில் இருந்தது. போர்ட்டிலிருந்து பெனலுக்குப் படத்தைக் கொண்டுபோகும் எல்.வி.டி.எஸ். கேபிளைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். முனையில் வெண்பூஞ்சை மாதிரி மெல்லிய படலம் இருந்தது. மூடுபனி வீட்டுக்குள் நுழையும் ஊரில் இது சாதாரணம். துடைக்க 99 வீத ஐசோபுரொபைல் அல்கஹோல் வேண்டும். பார்மசியில் கிடைக்கும் 70 வீதத்தில் மீதி 30 வீதமும் தண்ணீர். வேறு வழியில்லை என்றால் அதைப் பாவித்து ஒரு முழு நாள் காயவிட வேண்டும். கரப்பான் எச்சம் ஒரு மூலையில், அதையும் தூரிகையால் எடுத்தேன். சூடாக இருக்கும் இடம் என்றால் அவை தேடி வரும்.

பிறகு டீ-கோன் வோல்டேஜ்களை ஒவ்வொன்றாக அளந்தேன். பெனலுக்குப் போகும் பியூஸில் 12 வோல்ட் இருக்கிறது. பெனலை இயக்கும் மற்ற மூன்று வோல்டேஜ்கள்: ஏ.வி.டி.டி. 15, வி.ஜி.எச். 28, வி.ஜி.எல். மைனஸ் 7. எல்லாம் சரி. இந்த நான்கும் சரியாக இருந்தால் பெனல் உயிரோடு இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். எனவே டோர்ச் சோதனைக்கே திரும்பினேன். இம்முறை லெப்டொப்பில் முழு வெள்ளைப் பக்கம், அதன்மேல் கறுப்பில் பெரிய எழுத்து. மொனிட்டரைச் சாய்த்து நிறுத்தி, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, குவிந்த ஒளியுள்ள டோர்ச்சைத் திரையில் ஒட்டி 45 பாகையில் பிடித்தேன். எழுத்து தெரிந்தது. முதல் தடவை தெரியாததற்குக் காரணங்கள் இரண்டு: லெப்டொப்பில் கறுப்பு வோல்பேப்பர் இருந்தது, போன் லைட் குவியாத ஒளி. கேமிங் மொனிட்டர்களின் சொரசொரப்பான திரை அந்தப் பரவல் ஒளியைச் சிதறடித்துவிடும். ஆக, படம் இருக்கிறது, வெளிச்சம்தான் இல்லை.

இந்த போர்ட்டில் பேக்லைட்டுக்கு ஒரு பூஸ்ட் சேர்க்கிட்: 19 வோல்ட்டைச் சுமார் 54 வோல்ட்டாக உயர்த்தி, தலா 18 எல்.ஈ.டி. கொண்ட நான்கு வரிசைகளுக்குக் கொடுக்கிறது. எல்.ஈ.டி. கனெக்டரின் பிளஸ் முனையில் மீட்டரை வைத்தால் மூன்றில் ஒன்று தெரியும். பூச்சியம் என்றால் பியூஸ் போயிருக்கிறது. 54 வந்தும் இருட்டாக இருந்தால் எல்.ஈ.டி. வரிசையோ கனெக்டரோ. 18.6 வந்தால் பூஸ்ட் வேலை செய்யவில்லை. உள்ளே வந்த 19 வோல்ட் சுருளையும் டயோட்டையும் தாண்டி அப்படியே வெளியே வருகிறது, டயோட் எடுத்துக்கொண்டது போக மீதி. "ஏதோ வோல்ட் வருகிறதே" என்று பலர் ஏமாறும் இடம் இந்த 18.6தான். எனக்கும் 18.6தான் வந்தது.

ஆனால் போட்ட முதல் நொடியில் டிஜிட்டல் மீட்டர் ஏதோ பெரிய எண்ணைக் காட்டிவிட்டு இறங்கியது. மீட்டரின் மெக்ஸ் பொத்தானை அழுத்திப் பிடித்துப் பார்த்தபோது 66. அப்படியானால் பூஸ்ட் கிளம்புகிறது, வோல்டேஜ் எல்லை மீறுகிறது, பாதுகாப்பு வெட்டுகிறது. மெயின் சிப்பிலிருந்து வரும் இயக்கு சமிக்ஞை 3.3 வோல்ட் அசையாமல் நிற்கிறது, ஆகவே சிப் மேல் பழி இல்லை. டோர்ச் வெளிச்சத்தில் மெனுவைத் தேடிப் பிரைட்னஸை 100இலிருந்து 15க்கு இறக்கினால் பேக்லைட் அரை நிமிடம் வரை தாங்கியது. இழுப்பு குறைந்தால் தாங்குகிறது என்பது நல்ல துப்பு.

இந்த அளவீட்டின்போதே புரோப் முனை வழுக்கி, பிளஸ் முனைக்கும் பக்கத்து உலோகக் கவசத்துக்கும் பாலமாகிவிட்டது. ஒரு "டிக்". பூஸ்டில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இடையில் சுருளும் டயோடும் மட்டுமே, தடுக்க ஒன்றுமில்லை. 3 ஆம்பியர் எஸ்.எம்.டி. பியூஸ் போனது. டயோட்டையும் மொஸ்பெட்டையும் (பூஸ்டில் சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) மீட்டரின் டயோட் நிலையில் அளந்து, ஷோர்ட் இல்லை என்று உறுதிசெய்தபின் பழைய டி.வி. போர்ட் ஒன்றிலிருந்து அதே 3 ஆம்பியர் பியூஸைக் கழற்றிப் போட்டேன். பியூஸுக்குப் பதில் வயர் துண்டு போட வேண்டாம். அடுத்த வழுக்கலில் போர்ட்டின் செம்புக்கோடே எரியும். அன்றிலிருந்து புரோப் முனையில் 2 மி.மீ. மட்டும் வெளியே விட்டு மீதியை ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடியிருக்கிறேன்.

எல்.ஈ.டி. வரிசைகளைப் பார்க்க டி.வி. திருத்துபவர்கள் வைத்திருக்கும் பேக்லைட் டெஸ்டரை ஒருநாள் இரவல் வாங்கினேன். தானாக வோல்டேஜை உயர்த்தி, கரண்டை மட்டுப்படுத்திக் கொடுக்கும். நான்கு வரிசையும் 50 வோல்ட்டை ஒட்டி எரிந்தன, ஒன்றுக்கொன்று வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள். ஒரு வரிசை மட்டும் 3 வோல்ட் குறைவாகக் காட்டினால் அதில் ஓர் எல்.ஈ.டி. ஷோர்ட். எரியவே இல்லை என்றால் ஒன்று அறுந்திருக்கிறது, அப்போது பெனலையே பிரிக்க வேண்டும். தூசு படாமல் பெனல் பிரிப்பது லயக் காம்பராவில் நடக்கிற காரியமல்ல. இந்த மொனிட்டருக்கு அது தேவைப்படவில்லை.

அப்போதுதான் பையன் சொன்ன "பத்து, பதினொரு மணி" ஞாபகத்துக்கு வந்தது. ஈரம் வற்றிய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் உள்தடை, அதாவது ஈ.எஸ்.ஆர்., குளிரில் இன்னும் ஏறும், சூடானால் இறங்கும். ஹெயார் ட்ரையரைப் போர்ட் மீது ஒரு நிமிடம் காட்டினேன். பேக்லைட் வந்தது, நின்றது. சந்தோஷத்தில் அடுத்த பிழை: ஊதியிருந்த அந்த 220/35ஐ மட்டும் மாற்றினேன். கையில் இருந்தது சாதாரண ரகம். இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு, அறை வெப்பம் 11 பாகை, மறுபடி இருட்டு.

ஹெயார் ட்ரையர் சோதனையை ஒழுங்காகச் செய்யும் முறை வேறு. தடித்த அட்டையைக் கூம்பாகச் சுற்றி, முனையில் ஒரு சென்டிமீட்டர் துளை மட்டும் விட்டு, ஒரு நேரத்தில் ஒரு கெப்பாசிட்டரை மட்டும் 20 வினாடி சூடாக்க வேண்டும். இடையில் போர்ட் முழுதாக ஆற வேண்டும். அறை குளிராக இருப்பது இங்கே நமக்குச் சாதகம். புதிதாகப் போட்ட 220இல் காட்டினேன், அசைவில்லை. 5 வோல்ட் பக்கத்து 470/16இல் காட்டினேன், அசைவில்லை. பூஸ்டின் வெளிவாயிலில் படுக்கவைத்துப் பசையிட்ட இரண்டு 47 மைக்ரோஃபரட், 100 வோல்ட் மீது காட்டியதும் திரை விழித்தது.

வெளித்தோற்றத்தில் இரண்டும் புதிது போல் இருந்தன. தலை மேடிடவில்லை, கசிவில்லை. கழற்றி அளந்தால் ஒன்று 29 மைக்ரோஃபரட், 7.2 ஓம், மற்றது 34, 5.1 ஓம். நல்லதாக இருந்தால் ஓர் ஓமுக்கும் கீழே காட்டும். அளந்தது கைக்கடக்கமான கொம்பொனன்ட் டெஸ்டரில். அதில் போடும் முன் கெப்பாசிட்டரை வடிக்காவிட்டால் டெஸ்டரே செத்துவிடும். உள்தடை ஏறியதால் வெளிவாயிலில் அலை பெருகி, உச்சங்களை "வோல்டேஜ் கூடிவிட்டது" என்று பூஸ்டை இயக்கும் டிரைவர் சிப் எடுத்துக்கொண்டு வெட்டியிருக்கிறது.

உதிரிப்பாகம் தேடியது தனி வேலை. ஹட்டனில் கேட்ட கடையில் 47 மைக்ரோஃபரட் 63 வோல்ட் இருந்தது, 160 வோல்ட் இருந்தது, 100 இல்லை. ஓடுவது 54 வோல்ட்தானே, 63 போதாதா என்றால் போதாது. கிளம்பும்போது 66 கண்டோம். 160 வோல்ட் பருமன் கூடியது, பின்மூடி பொருந்தாது. கடைசியில் கொழும்பு புறக்கோட்டை, முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து பஸ் பார்சலில் எடுத்தேன். கேட்கும்போது நான்கும் சொல்ல வேண்டும்: மைக்ரோஃபரட், வோல்ட், 105 பாகை, லோ ஈ.எஸ்.ஆர். கூடவே விட்டமும் உயரமும். இங்கே 10 மி.மீ. விட்டம், 16 மி.மீ. உயரம். புதியதையும் சோல்டர் பண்ணும் முன் அளக்க வேண்டும். வந்த ஆறில் ஒன்று 2 ஓமுக்கு மேல் காட்டியது, ஒதுக்கினேன். அலமாரியில் வருடக்கணக்கில் கிடந்த சரக்காக இருக்கலாம்.

சோல்டரிங்: 60 வாட் அயன், 370 பாகை, தட்டையான முனை. தொழிற்சாலை ஈயமற்ற சோல்டர் எளிதில் உருகாது. புதிய 63/37 சோல்டரைக் கொஞ்சம் அதன்மேல் ஏற்றி, ஃபிளக்ஸ் வைத்து, இரண்டையும் கலக்கவிட்டுப் பிறகு விக்கால் (சோல்டரை உறிஞ்சும் செம்புப் பின்னல்) உறிஞ்சினால் வரும். கிரவுண்ட் கால் பெரிய செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை விழுங்கும். கதவைச் சாத்திவிட்டுச் செய்வது நல்லது, குளிர்காற்று அடித்தால் அந்தக் கால் உருகவே உருகாது. பலவந்தமாக இழுத்தால் துளையின் உள்செம்பும் சேர்ந்து வரும். கழற்றும் முன் ஒரு போட்டோ. கெப்பாசிட்டரின் கோடு போட்ட பக்கம் மைனஸ், போர்ட்டில் நிழலிட்ட பக்கமும் பெரும்பாலும் மைனஸ்; மாற்றி அச்சிட்ட போர்ட்டுகளும் உண்டு, அதனால்தான் போட்டோ. 220/35க்கும் இம்முறை லோ ஈ.எஸ்.ஆர். ரகமே போட்டேன். படுக்கவைத்த இரண்டுக்கும் சிலிக்கன் பசை ஒரு சொட்டு.

மூடாமலே போட்டேன். 54.2 வோல்ட், பிரைட்னஸ் 100இல், ஒரு மணி நேரம் அசையவில்லை. ஆனால் மாலையில் வேலை செய்வது சான்றாகாது. இரவு ஜன்னலோரம் வைத்து, காலை ஐந்தரைக்கு, அறை 10 பாகையில் இருக்கும்போது போட்டுப் பார்த்தேன். மூன்று காலைகள் அப்படி. ஒவ்வொரு முறையும் இரண்டு நொடியில் படம் வந்தது. ஐஸ் வைத்துக் குளிரவைத்துச் சோதிக்கலாமா என்றால், வேண்டாம். குளிர்ந்த போர்ட்டில் ஈரம் படிந்து வடியும்.

செலவு: 47/100 ஆறு, ஒன்று 90 ரூபாப்படி 540. 220/35 இரண்டு, 120. பஸ் பார்சல் 350. விக் ஒரு சுருள் 280. மொத்தம் 1,290 ரூபா. பியூஸ் பழைய போர்ட்டிலிருந்து வந்ததால் காசில்லை, ஹெயார் ட்ரையர் வீட்டில் இருந்தது.

அடுத்த தடவை வரிசையை மாற்றுவேன். காலையில் வராமல் பகலில் வரும் மொனிட்டர் என்றால் டீ-கோன் பக்கமே போகாமல் கூம்போடு தொடங்குவேன். டோர்ச் சோதனைக்கு வெள்ளைப் பக்கம் ஒன்று யு.எஸ்.பி.யில் எப்போதும் இருக்கும். பூஸ்ட் பக்கத்துக் கெப்பாசிட்டர்களை ஒன்று பழுது என்றாலும் சேர்த்தே மாற்றுவேன். ஒரே சூட்டில் ஒரே காலம் கிடந்தவை. இதே அறிகுறியோடு சித்திரையிலோ ஐப்பசியிலோ, இடிமழைக்கு அடுத்த நாள் வந்தால் மட்டும் கணக்கு வேறு: முதலில் எச்.டி.எம்.ஐ. வாயிலைப் பார்க்க வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்கி, கணினிக்குப் போகும் கேபிளையும் ரவுட்டர் வயரையும் விட்டுவைப்பவர்களின் மொனிட்டர்கள் அந்த வாயில் வழியாகத்தான் சாகின்றன.

ஒன்று மட்டும் தீரவில்லை. பிரைட்னஸ் 20க்குக் கீழே போனால் பூஸ்ட் சுருளிலிருந்து மெல்லிய கீச்சொலி. புதிய கெப்பாசிட்டருக்குப் பின் குறைந்தது, போகவில்லை. சுருளின் அடியில் எப்பொக்சி விட்டுப் பார்க்கலாம், ஆனால் அதற்கு மறுபடி அந்தக் கொக்கிகளைத் திறக்க வேண்டும். பையன் ஹெட்செட் போட்டுத்தான் விளையாடுகிறானாம், அவனுக்குக் கேட்கவில்லை.